மீனுக்குக் காய்ச்சல் வந்தால்

ஒரு நாளைக்கு 40, 50 ரத்த ஸ்லைடு பார்க்கிற வேலை என்னுடையது. வேலூரில் ஒரு சின்ன லேப். டெங்கு சீசன் வந்தால் பிளேட்லெட் எண்ணி எண்ணியே கழுத்து பிடித்துக்கொள்ளும். சிவப்பணு என்றால் என் கண்ணுக்கு ஒரே உருவம்தான், நடுவில் வெளிறிய வட்டத் தட்டு. போன மே மாதம் ஒரு மத்தியானம், முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்த சிவப்பணுக்கள் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் நீள்வட்டம். நடுவில் அடர்ந்த ஊதா நிறத்தில் உட்கரு. வெள்ளரி விதையை வாரி இறைத்த மாதிரி கிடந்தன. கூட வேலை பார்க்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கா இந்த பேஷண்ட்?" என்றாள்.

"ஜிலேபி மீன்" என்றேன்.

அந்த ரத்தம் அன்று காலை நான் எடுத்தது. வால் துவங்குகிற இடத்தில், அடிப்பக்கமாக, 2 மில்லி சிரிஞ்சின் ஊசியை முள்ளில் படுகிற வரை இறக்கி மெதுவாக இழுத்தால் வரும். யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். மூன்று மீனில் இரண்டில் சொதப்பினேன். மூன்றாவதில் அரை மில்லி வந்தது. ஊதா மூடி போட்ட டியூபில் ஊற்றி, சோற்று டப்பாவுக்குப் பக்கத்தில் ஐஸ் பாக்கெட்டோடு வைத்து, பஸ் ஏறிவிட்டேன்.

தம்பிக்குக் காவேரிப்பாக்கம் பக்கம் கொஞ்சம் நிலம். கிணறு இருக்கிறது, நெல்லுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று, தொட்டித் தண்ணீரில் நுண்ணுயிர்களைப் பெருக்கி அதிலேயே மீன் வளர்க்கிற பயோஃப்ளாக் பக்கம் போனான். வீட்டுக்கு முன்னால் இரண்டு தார்ப்பாய்த் தொட்டி, ஒவ்வொன்றும் 4 மீட்டர் அகலம், ஏறக்குறைய 12,000 லிட்டர் தண்ணீர். ஒரு தொட்டிக்கு 1,200 ஜிலேபிக் குஞ்சு. வியாபாரி ஆக்சிஜன் கவரில் கட்டி நடுராத்திரி கொண்டுவந்து இறக்கினார். இரண்டு மாதம் நன்றாகத்தான் வளர்ந்தது. கத்திரி வெயில் ஆரம்பித்த இரண்டாவது வாரம் தம்பி போன் செய்தான். "அக்கா, மீனு தீனி எடுக்க மாட்டேங்குது. கறுத்துப் போயி மேலயே சுத்துது."

நான் போய்ப் பார்த்தபோது தண்ணீரில் தெர்மாமீட்டர் 33 டிகிரி காட்டியது. மீன்கள் தொட்டியின் ஓரமாக, தூக்கத்தில் நடப்பவர் போல, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. சிலதுக்குக் கண் வெளியே பிதுங்கி, பால் ஊற்றிய மாதிரி வெளுத்திருந்தது. தோலில் அங்கங்கே சிவப்பு. தீவனம் விற்கிற கடையில் ஒரு ஆன்டிபயாடிக் பவுடரும், "இம்யூனிட்டி டானிக்" என்று 850 ரூபாய்க்கு ஒரு பாட்டிலும் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் ஊற்றியாகிவிட்டது. தண்ணீருக்கு நல்ல வாசனை வந்ததுதான் மிச்சம்.

ஸ்லைடில் நான் தேடியது பாக்டீரியா. ஒன்றுகூட இல்லை. வைரஸாக இருந்தால் என் மைக்ராஸ்கோப்பில் தெரியவே தெரியாது, ஒளி நுண்ணோக்கிக்கு அது எட்டாத அளவு சின்னது. அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக, ஆல்கஹாலில் போட்ட ஈரல் துண்டை ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பி பி.சி.ஆர். பார்த்தோம். திலேப்பியா லேக் வைரஸ். பாசிட்டிவ். (நாம் ஜிலேபி என்பதைத்தான் திலேப்பியா என்கிறார்கள்.)

இஸ்ரேலில் கலிலேயா ஏரியில் 2009 முதல் திலேப்பியா குறைந்துகொண்டே வந்தது. அதற்குக் காரணமான வைரஸை 2014இல்தான் விவரித்தார்கள், அதனால்தான் பெயரில் ஏரி. இந்தியாவில் மேற்கு வங்காளத்திலும் கேரளத்திலும் இருப்பதாக 2018இல் வெளிவந்தது. நமக்கு ஃப்ளூ தருகிற இன்ஃப்ளுயென்சாவுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் ஆர்.என்.ஏ. 8 துண்டு, இதற்கு 10 துண்டு. ஈரல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிய பெரிய கட்டியாக்கிவிடும். மனிதரைத் தொற்றாது. இதை எங்கள் தெருவில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

9 நாளில் முதல் தொட்டியில் 1,200 போய் 310 நின்றது. தென்னை மரத்துக்குக் கீழே குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். வியாபாரி "உங்க தண்ணி சரியில்ல" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்.

எனக்கு ஆத்திரத்தை விட ஒரு கேள்விதான் பெரிதாக இருந்தது. 890 செத்தது சரி, 310 ஏன் சாகவில்லை? அதே தண்ணீர், அதே தீனி, அதே குஞ்சு. அதற்கப்புறம் ஆறு மாதம், பஸ்ஸில் வரும் நேரமெல்லாம் மீனின் நோய் எதிர்ப்பு பற்றித்தான் படித்தேன். மனித ரத்தத்தைத் தவிர வேறெதையும் பார்க்காதவளுக்கு அது வேறு உலகம்.

முதலில் அந்த வெள்ளரி விதை. நம் சிவப்பணு முதிரும்போது உட்கருவைத் தூக்கி எறிந்துவிடும், அப்புறம் அது ஆக்சிஜன் சுமக்கிற வெறும் மூட்டை. மீனின் சிவப்பணு கடைசி வரை உட்கருவை வைத்துக்கொள்கிறது. உட்கரு இருப்பதால் புரதம் செய்ய முடியும், வைரஸ் வந்தது தெரிந்தால் எதிர்ப்புக்கான மரபணுக்களைத் தட்டி எழுப்பவும் முடியும். அதாவது மீனுக்குள் சுமைதூக்குகிறவர்களும் சண்டை போடுவார்கள். ஆனால் இதிலேயே வினையும் இருக்கிறது. உட்கரு உள்ள செல் என்றால் வைரஸுக்கும் குடியிருக்க வீடு கிடைத்த மாதிரி. நார்வே சால்மன் பண்ணைகளில் இதயத் தசையை அழற்சியாக்கும் ஒரு நோய் உண்டு, அதற்குக் காரணமான ரியோவைரஸ் சிவப்பணுவுக்குள்தான் பெருகுகிறது. நம் சிவப்பணுவில் எந்த வைரஸுக்கும் அந்த வசதி கிடையாது.

அடுத்தது எலும்பு மஜ்ஜை. லேபில் மஜ்ஜை என்றால் பெரிய விஷயம், ரத்தம் பிறக்கிற இடம். மீன் முள்ளில் அப்படி மஜ்ஜை இல்லை. பிறகு ரத்தம் எங்கே உண்டாகிறது என்று படித்தபோது சிரித்துவிட்டேன். மீன் ஆய்கிற எல்லோரும் அதைப் பார்த்திருப்போம். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகு, நடுமுள்ளை ஒட்டி ரத்தக்கட்டு மாதிரி கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். அம்மா அதைக் கட்டைவிரல் நகத்தால் வழித்து, கல் உப்பு போட்டுத் தேய்த்து, "கவிச்சியே இதுலதான் இருக்கு" என்பார். அதுதான் சிறுநீரகம். அதில் தலைப்பக்கம் இருக்கிற முன்துண்டு சிறுநீர் வேலையை விட்டுவிட்டு ரத்த அணுக்களையும், எதிர்ப்பு அணுக்களையும் உண்டாக்குகிறது. நம் மஜ்ஜை செய்கிற வேலை. நமக்குக் கழுத்தில், அக்குளில் நெறி கட்டுமே, அந்த நிணநீர் முடிச்சு மீனுக்கு இல்லவே இல்லை. அந்தத் தலைச் சிறுநீரகமும் மண்ணீரலும்தான் சமாளிக்க வேண்டும். இத்தனை வருஷம் ஒரு படையின் பாசறையையே நகத்தால் வழித்துக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறோம்.

உள்ளே வருவதற்கு முன்னால் வழுவழுப்பு. மீன் கையில் வழுக்குகிறதே, அந்தக் கோழையில் கிருமியின் சுவரைக் கரைக்கும் லைசோசைம், கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும் லெக்டின், சின்னச் சின்னப் புரதங்கள், எதிர்ப்பொருள் எல்லாம் கலந்திருக்கிறது. அந்த எதிர்ப்பொருளில் ஐ.ஜி.டி. (IgT) என்று ஒரு வகை. 2005இல்தான் கண்டுபிடித்தார்கள், மீனின் குடலையும் தோலையும் செவுளையும் காவல் காக்கிற வேலை அதற்கு. முரட்டு முடிச்சு வலையால் மீனை அள்ளினால் முதலில் போவது இந்தக் கோழைதான்.

தம்பியைக் குறுக்குக் கேள்வி கேட்டபோது அதுதான் வெளியே வந்தது. சாவு ஆரம்பிப்பதற்கு நாலு நாள் முன்னால் முதல் தொட்டியை வலை போட்டு அள்ளி, பெரிசு சிறிசு பிரித்திருக்கிறான். அன்று ராத்திரி கரண்ட் போய் ஒன்றரை மணி நேரம், தண்ணீருக்குள் காற்று ஊதுகிற பிளோயர் நின்றிருக்கிறது. இரண்டாவது தொட்டியை "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டுவிட்டான். பிளோயர் நின்றது இரண்டுக்கும் பொதுதான், வலை பட்டது ஒன்றுக்குத்தான். இரண்டாவது தொட்டியில் செத்தது 400 சொச்சம். இரண்டு தொட்டியை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் வலையில் அடிபட்டு மூச்சுத் திணறிய மீனின் ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறும், ஏறினால் எதிர்ப்பு அணுக்கள் அடங்கிப்போகும் என்பது புத்தகத்தில் இருக்கிற விஷயம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களின் ரத்த ரிப்போர்ட்டை எழுதி எழுதிப் பழகியவள் நான், இதை நம்புவதில் எனக்குச் சிரமமில்லை.

வைரஸ் செல்லுக்குள் நுழைந்த பிறகு நடப்பது முழுக்க நேரக் கணக்கு. மீனின் எதிர்ப்பொருள் தேவையான அளவு ஊற வாரக்கணக்காகும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதம். அதுவரை தாக்குப்பிடிக்க இருப்பது இன்டர்ஃபெரான். கோழி முட்டைக் கருவில் 1957இல் கண்டது, மீனுக்கும் உண்டு. எங்கள் பக்கத்து ஊரில் மின்வாரிய ஆட்கள் சோதனைக்கு வந்தால், முதலில் மாட்டிக்கொண்டவர் வீட்டிலிருந்து தெரு முழுக்க போன் பறக்கும். அவருக்கு அபராதம் உறுதி. ஆனால் மற்ற வீடுகளில் கம்பத்தில் மாட்டிய கொக்கியைக் கழற்றி, மோட்டாரை நிறுத்தி, விளக்கையும் அணைத்து, ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். இன்டர்ஃபெரான் அந்த போன். வைரஸ் புகுந்த செல் அனேகமாகப் போய்விடும், பக்கத்துச் செல்கள் புரதம் செய்கிற மோட்டாரை நிறுத்த ஆயத்தமாகிவிடும். எம்.எக்ஸ். என்கிற புரதத்தை உண்டாக்கி, வருகிற வைரஸைப் பிடிக்கக் காத்திருக்கும்.

வைரஸும் சும்மா இருக்காது. கொடுவாக் குஞ்சுகளின் மூளையையும் விழித்திரையையும் தின்கிற நோடா வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோரப் பொரிப்பகங்களில் குஞ்சு கிறுகிறுவென்று சுழன்று சாகுமே, அதுதான். அது பெருகும்போது ஈரிழை ஆர்.என்.ஏ. உண்டாகும், செல்லுக்கு அதுதான் தடயம். இந்த வைரஸ் பி2 என்று ஒரு புரதத்தைச் செய்து அந்தத் தடயத்தின் மேல் போர்த்திவிடுகிறது. சால்மன், டிரௌட் மீன்களைக் கொல்லும் ராப்டோ வைரஸ்கள் சிலவற்றில் என்.வி. என்று ஒரு புரதம் இருக்கிறது, அது போன் ஒயரையே அறுப்பது மாதிரி இன்டர்ஃபெரானை அமுக்குகிறது.

இவை எல்லாவற்றையும் விட என்னை உலுக்கியது கெண்டையின் காய்ச்சல்தான்.

நமக்குக் கிருமி வந்தால் உடம்பே சூடாகிறது. மீனுக்கு அந்த வசதி இல்லை, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. அதனால் நோய்ப்பட்ட மீன் சூடான தண்ணீரைத் தேடிப் போகும். ஜுரத்தில் நாம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கோய் ஹெர்பிஸ் வைரஸ் என்று கெண்டைகளைக் கொத்துக்கொத்தாகக் கொல்லும் ஒரு வைரஸ் இருக்கிறது. அது தொற்றிய கெண்டைகளை 24, 28, 32 டிகிரி என்று மூன்று அறைகள் இணைந்த தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். 2017இல் வெளியான ஆய்வு. நோய் முற்றியபோது மீன்கள் தாமாகவே 32 டிகிரி அறைக்குப் போய்த் தங்கின, பிழைத்தன. போக வழியில்லாமல் 24 டிகிரியில் அடைபட்டவை செத்தன. அந்தச் சூட்டில் இந்த வைரஸால் பெருக முடியாது.

இதற்கும் அந்த வைரஸிடம் ஒரு பதில் இருக்கிறது. "சூட்டுக்குப் போ" என்று மூளைக்குச் சேதி சொல்வதில் டி.என்.எஃப். என்கிற பொருளுக்குப் பங்கு உண்டு. வைரஸ் தன் மரபணு ஒன்றைக் கொண்டு டி.என்.எஃப்.ஐப் பிடித்துவைக்கிற பொய் ஏற்பியைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. சேதி தாமதமாகிறது. மீன் இன்னும் கொஞ்ச நேரம் குளிர்ந்த தண்ணீரிலேயே சுற்றுகிறது, வைரஸுக்கு அது போதும். ஒரு வைரஸ், மீன் எந்தப் பக்கம் நீந்துவது என்பதிலேயே கை வைக்கிறது! இதைப் படித்த அன்று ஆற்காட்டில் இறங்காமல் ராணிப்பேட்டை வரை போய்விட்டேன்.

"அப்போ நம்ம ஊரு வெயிலுக்கு மீனுக்கு நோயே வரக்கூடாதேக்கா?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. வேலூர் வெயிலுக்கு ஏதாவது ஒரு பயன் இருந்தால் நானும் சந்தோஷப்படுவேன். ஆனால் திலேப்பியா லேக் வைரஸ் வேறு ரகம், சூட்டில் சொகுசாக வளர்வது. எகிப்தில் கோடையில் திலேப்பியா சாவதைப் பார்த்து முதலில் 'கோடைச் சாவு' என்றே பெயர் வைத்தார்கள், பிறகுதான் இந்த வைரஸ் அங்கே இருப்பது தெரிந்தது. கெண்டையைக் காப்பாற்றுகிற 32 டிகிரி, ஜிலேபியைக் காப்பாற்றவில்லை.

எப்படியானாலும் ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டது. காவேரிப்பாக்கம் ஏரியில் இருக்கிற மீனுக்கு மதகோரம் ஆழம், கரையோரம் சூடு, வேலிக்காத்தான் நிழலில் குளிர்ச்சி என்று பத்து இடம் இருக்கிறது. தம்பியின் தொட்டியில் பிளோயர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. எந்த மூலையிலும் ஒரே சூடு. அந்த மீனுக்கு எங்கே போகத் தோன்றினாலும் போக இடமில்லை.

சரி, தடுப்பூசி? உண்டு. கனடாவில் சால்மனுக்கு ஒரு டி.என்.ஏ. தடுப்பூசிக்கு 2005லேயே உரிமம் கொடுத்தார்கள், நமக்கு அந்தப் பெயரே பழக்கமில்லாத காலம். ஒவ்வொரு மீனாகப் பிடித்துச் சதையில் ஊசி. சால்மன் விலைக்குக் கட்டும். கிலோ 120 ரூபாய்க்குப் போகிற ஜிலேபிக்கு 1,200 ஊசி போட நான் தயார், லீவ் யார் கொடுப்பார்கள்?

எனக்கு நம்பிக்கை தருவது வேறு. அந்த 310 மீன் கேள்விக்கு ஒரு பாதி பதில் பிறப்பில் இருக்கிறது. மலேசியாவில் 2018இல் கிஃப்ட் திலேப்பியா (வேகமாக வளரப் பொறுக்கி எடுத்த ரகம்) இனப்பெருக்கப் பண்ணை ஒன்றில் இதே வைரஸ் புகுந்தது. செத்தவை, பிழைத்தவை இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டபோது 22ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி பெரிய வித்தியாசம் செய்வது தெரிந்தது. சால்மனில் கணையத்தைச் சிதைக்கிற வைரஸ் ஒன்றுக்கு இதே வழியில் தாங்குகிற மீன்களைப் பொறுக்கி முட்டை எடுத்து, நார்வேயில் அந்த நோயைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். மீதிப் பதில் நினைவு. திலேப்பியா லேக் வைரஸில் பிழைத்த மீனுக்குத் திரும்ப அதே வைரஸைக் கொடுத்தால் தாங்குகிறது என்று 2014லேயே காட்டியிருக்கிறார்கள்.

தம்பி அந்த 310ஐயும் கொட்டிவிடலாம் என்றபோது நான் தடுத்தது அதனால்தான். ஆனால் பிழைத்தது வைரஸைச் சுமக்கலாம், புதுக் குஞ்சோடு கலக்காதே, வலையும் பக்கெட்டும் தனி என்று சொன்னேன். "இன்னாக்கா, தீட்டு மாதிரி சொல்ற" என்றான். ஆமாம், இந்த ஒரு விஷயத்தில் தீட்டுதான்.

இதில் எனக்கு ஒரு வெட்கமும் உண்டு. ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு மேல்விஷாரம் வழியாக 11 வருஷமாகப் போய் வருகிறேன். தோல் ஷெட் வாடை வந்தால் ஜன்னலை மூடுவேன், பிரியாணி வாசனை வந்தால் திறப்பேன், மேல்விஷாரம் எனக்கு அவ்வளவுதான். அங்கே சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி விலங்கியல் துறையில் பேராசிரியர் சாகுல் ஹமீது நடத்திய ஆய்வகம், நன்னீர் இறாலின் வெள்ளை வால் நோய்க்கு உலக விலங்கு சுகாதார அமைப்பே அங்கீகரித்த ஆய்வகம் என்பது மீன் செத்த பிறகுதான் தெரிந்தது. அந்த நோயில் இறால் குஞ்சின் வால்சதை பாலாக வெளுத்துவிடும். இறாலுக்கு எதிர்ப்பொருளே கிடையாது, மீன் அந்த விஷயத்தில் பணக்காரன். கட்லாவின் கண், இதயம், செவுள் செல்களைப் பாட்டிலில் தொடர்ந்து வளர்க்கிற செல் வரிசைகளையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். உயிருள்ள செல் இல்லாமல் வைரஸ் வளராது, வளர்க்காமல் ஆராய முடியாது. ரத்தம் பார்க்க எந்த ஊர் லேப் நல்லது என்று சொல்லத் தெரிந்த எனக்கு, பக்கத்து ஊரில் கட்லாவின் இதயச் செல் பாட்டிலில் வாழ்வது தெரியவில்லை.

தம்பி இப்போது குஞ்சு வந்தால் மூன்று வாரம் தனித் தொட்டியில் வைக்கிறான். முடிச்சில்லாத வலை வாங்கியிருக்கிறான். பிளோயருக்கு இன்வெர்ட்டர் போட்டாயிற்று. கத்திரி மாதத்தில் வலை போடுவதில்லை, பெரிசும் சிறிசும் ஒன்றாகவே கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறான். டானிக் பாட்டிலில் இப்போது அம்மா துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த 310இல் கடைசிச் சில மீன்களைக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் 400 கிராம் இருக்கும். அம்மா கொல்லையில் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தார். வயிற்றைக் கீறி, குடலை எடுத்து, நகத்தை முள்ளுக்குக் கொண்டுபோகிற நேரத்தில் கையைப் பிடித்துவிட்டேன். தலையை ஒட்டிய துண்டைப் பிளேடால் நறுக்கி எடுத்து, டிஷ்யூ பேப்பரில் ரத்தத்தை ஒற்றி, ஸ்லைடில் நாலு இடத்தில் மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தேன்.

"இன்னாடி பண்ற அந்தக் கவிச்சிய வெச்சிக்கினு?" என்றார் அம்மா.

"பாக்கப் போறேம்மா."

"பாத்துட்டு கைய நல்லா கழுவு. குழம்பு கொதிக்குது."

ஸ்லைடு ஜன்னல் திண்டில் காய்கிறது. லீஷ்மன் சாயம் லேபில்தான் இருக்கிறது, திங்கட்கிழமை மத்தியானம் முதலாளி சாப்பிடப் போகட்டும்.